கலங்கலும் தெளிவும் : ஏரிநீர்த் தூய்மை பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் ‘கலங்கல்’ என்னும் சொல் இரு பொருள் உடையது. ஏரி நிரம்பிய பின் மிகுநீர் வழிந்தோடுவதற்காகக் கரையில் அமைக்கப்பெறும் கற்கட்டுமானத்தைக் கலங்கல் என்றும் கலிங்கு என்றும் வழங்குவர். சேறு கலந்து தெளிவிழந்த நீரையும் கலங்கல் என்பர். இவ்விரண்டும் ஒரு வேரின் கிளைகளா என்னும் வினாவைச் சொல்லாய்வாளர்க்கு விட்டுவிடுவோம். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் கலங்கலில் வெண்ணுரை பொங்கிச் சாலைக்குப் பறந்து வந்ததையும், அந்நுரையே தீப்பற்றி எரிந்ததையும் செய்தித்தாள்களில் கண்டவர்க்கு, அச்சொல்லின் இரு பொருளும் ஓரிடத்தில் கூடிவிட்டன என்றே தோன்றியிருக்கும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, இலஞ்சி, வாவி, பொய்கை என நீர்நிலைக்கு இத்தனை பெயர் சூட்டிய மொழியைப் பயில்கிறோம். அவற்றுள் எதில் இறங்கி இன்று முகம் கழுவலாம் என்பதை அறியாதிருப்பது நமக்குப் பொருந்தாது. ஊரார் உண்ணும் நீர் என்பதனாலன்றோ ஊருணி என்று பெயர் வந்தது! மேலும், நீரின் நிலையை அறியத் தொடங்குவதற்கு வேதியியல் பட்டம் வேண்டுவதில்லை. ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு கயிறும் ஒரு குறிப்பேடும் போதும். அவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் கூறுவோம்.

பெல்லந்தூரிலிருந்து தென்பெண்ணை வரை

பெங்களூரு மேட்டுநிலத்தில் அமைந்த நகரம். பேராறு எதுவும் அதனூடே ஓடவில்லை. ஆதலால் முன்னோர் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரையெழுப்பி, ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் சென்று சேருமாறு தொடர்தொடராக ஏரிகளை அமைத்தனர். நம் பகுதி ஏரிகளும் பெரும்பாலும் இவ்வாறு அமைந்தவையே. அத்தகைய தொடர் ஒன்றின் கீழ்ப்பகுதியில் இருப்பது ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி. அதன் கலங்கல் நீர் வர்த்தூர் ஏரிக்குச் செல்கிறது. வர்த்தூரிலிருந்து வழிவது தென்பெண்ணையாற்றை அடைகிறது. தென்பெண்ணை மாநில எல்லையைக் கடந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அதன்பின் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. முடிவில் கடலூர் அருகே கடல்.

மழைநீருக்கென வகுத்த இவ்வழியில் நகரின் கழிவுநீர் இறங்கியபொழுது, ஒவ்வோர் ஏரியும் அடுத்த ஏரிக்குத் தன் நோயையும் சேர்த்தே அனுப்பியது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபொழுது ஆற்றில் வெண்ணுரை மலைபோல் எழுந்ததைக் கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். துணி துவைத்தவர் ஓரிடத்தில் இருக்க, அந்நுரை இன்னொருவர் வயலில் போய்த் தங்குகிறது.

நுரை எங்ஙனம் உண்டாகிறது? சவர்க்காரத் தூள்களில் அழுக்கை நீரோடு பிணைக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. உயிர்வளி நிறைந்த நீரில் நுண்ணுயிர்கள் இவற்றைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். உயிர்வளி அற்ற நீரிலோ இவற்றுள் பெரிதும் வழங்கும் வகை சிதையாமல் அடிச்சேற்றோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. மழை பெய்து நீர் பெருகிச் சேறு கலங்கி, கலங்கலின் மேலிருந்து விழும்பொழுது காற்று உட்புகுகிறது, நுரை எழுகிறது. ஆகவே கலங்கல் நுரையை உண்டாக்கவில்லை. ஏரி வயிற்றில் வைத்திருந்ததை வெளியே காட்டியது. தீப்பற்றியதற்குச் சேற்றில் விளையும் மீத்தேன் வாயு, நீரின் மேல் படர்ந்த எண்ணெய், காய்ந்த ஆகாயத் தாமரை, கரையில் கொளுத்தப்பட்ட குப்பை எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் தீ எழுந்தது. 2018-இல் அதனை அணைக்கப் படைவீரர்கள் வர நேர்ந்தது. நீரில் தீ என்பது பழம் புலவர்களின் உவமைகளில் மட்டுமே இருக்கவேண்டியது.

உரமான அழுக்கு

ஏரி கெடுவதற்கு நஞ்சு கலத்தல் ஒரு வழி. உணவு மிகுதல் மற்றொரு வழி. இரண்டாவதே மிகுதியாக நிகழ்வது. ஆயினும் அதனையே நாம் குறைவாக எண்ணுகிறோம். மலம், சிறுநீர், சவர்க்காரத்தில் சேர்க்கப்படும் பாஸ்பேட், வயலில் இட்ட உரத்தின் மிச்சம், திருமண மண்டபங்களின் சோற்றுநீர் ஆகிய இவை அனைத்தும் பாசிக்கு உரமாகின்றன. பாசி பெருகிப் பச்சைப் போர்வையாகிறது. அது மடிந்து அடியில் அழுகும்பொழுது நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடுகிறது. பின்பு மீன்கள் மிதக்கின்றன.

பாசிக்கு வேண்டிய உணவுகளுள் எதனைக் குறைத்தால் ஏரி பிழைக்கும் என்பது ஒரு காலத்தில் பெரும் பூசலுக்குரிய வினாவாய் இருந்தது. கரிமமே காரணம் என்று சிலர் வாதிட்டனர். சவர்க்கார ஆலைகளுக்கு அவ்வாதம் உவப்பாக இருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226 என எண்ணிடப்பட்ட ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவில் ஒரு நெகிழித் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிக்கும் கரிமமும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பாதிக்கு மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் பெற்ற பாதி விரைவில் பசும்பாசி மூடிக் கிடந்தது. மற்றைப் பாதி தெளிந்தே இருந்தது. வானூர்தியிலிருந்து எடுத்த அவ்வொரு நிழற்படம் நூறு சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது. பல நாடுகளில் சவர்க்காரப் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததில் அப்படத்திற்குப் பங்குண்டு.

கெட்ட ஏரி மீளுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரி மீண்டது. 1941-க்குப் பின் கரையோர ஊர்கள் தம் கழிவுநீரை ஓரளவு தூய்மை செய்து அவ்வேரியில் விட்டுவந்தன. ஓரளவு தூய்மை செய்த நீரிலும் பாஸ்பரஸ் இருந்தது. 1955-இல் செந்நிறப் பாசி வகை ஒன்று அங்கே தென்பட்டது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெட்டபொழுது தோன்றிய பாசி அதுவே என்பதை உணர்ந்த விலங்கியற் பேராசிரியர் எட்மண்ட்சன், ஏரி எவ்வழியில் செல்கிறது என்பதை ஊரார்க்கு முன்கூட்டியே உரைத்தார். கழிவுநீரை ஏரியிலிருந்து விலக்குவதற்கான அமைப்பு வேண்டுமா என 1958 மார்ச்சில் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது, திட்டம் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் கேட்கப்பட்டது, வென்றது. 1963-இல் தொடங்கி 1968-க்குள் கழிவுநீர் முழுதும் விலக்கப்பட்டது. 1964-இல் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே கண்ணுக்குத் தெரிந்த நீர், 1971 அளவில் பெரிதும் தெளிந்துவிட்டது. 1976-க்குப் பின், பாசியை உண்ணும் டாஃப்னியா எனும் நுண்ணுயிர் பெருகவே, அதனினும் தெளிந்தது.

இவ்வெற்றியை அப்படியே நம் ஏரிகளுக்குப் பொருத்திவிடலாகாது. அங்கே கழிவுநீர் வேறிடத்திற்குத் திருப்பப்பட்டது. பெரும்பகுதி கடற்கழிக்குச் சென்றது. அதனைத் துடைத்தல் என்பதைவிடத் தள்ளிவைத்தல் எனலாம். மேலும் அது ஆழமான ஏரி. நம் ஏரிகளோ ஆழமற்றவை. பல்லாண்டுச் சேற்றில் தங்கிய பாஸ்பரஸ், புதுக்கழிவு நின்றபின்னும் சிறிது சிறிதாக நீரில் கசிந்துகொண்டிருக்கும். நமக்கு அண்மைச் சான்று பெங்களூருவின் ஜக்கூர் ஏரி. அங்கே தூய்மை நிலையத்திலிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழாமல், சம்பங்கோரை செறிந்த சதுப்பினூடே மெல்ல நடந்து செல்லுமாறு செய்யப்பட்டது. கோரையின் வேர்களும் அவற்றைச் சார்ந்த நுண்ணுயிர்களும் எஞ்சிய உரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. கரையோர மக்களும் ஆய்வாளர்களும் அந்நீரைத் தொடர்ந்து அளந்து வந்தமையால், எது பயன் தந்தது என்று பேசுவதற்குக் கையில் எண்கள் இருந்தன.

நிறம், சுவை, மணம்

நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹு கற்போர் முதலில் ஓதுவது தண்ணீரைப் பற்றிய பாடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பாடத்தை ஏரிநீர் ஆய்வோடு ஒப்பிட்டு நோக்கினால் வியப்புண்டாகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தமை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. நீர்த்துறை, பாதை, நிழல் ஆகிய இடங்களில் மலம் கழிப்போர் சாபத்திற்குள்ளாவர் என்ற எச்சரிக்கையும் அவ்வாறே. ஓடும் நீர், தேங்கும் நீர் என்னும் பாகுபாடும், சிறு நீர், பெருநீர் என்னும் பாகுபாடும் சட்ட அறிஞர்களுக்கு அடிப்படையாயின. ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத் அளவைப் பெருநீருக்கு எல்லையாக வைத்தனர். ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்திற்குப் பத்து முழம் என்ற பரப்பை வைத்தனர். நம் பள்ளிவாசல் ஹவுள்களின் அளவு இவ்வெல்லையைத் தழுவியே அமைந்தது.

பெருநீராயினும், நஜீஸ் கலந்து அதன் நிறமோ சுவையோ மணமோ மாறிவிடின் அது தூய்மை இழக்கிறது. இம்மூன்றும் கருவியின்றி எவரும் காணத்தக்க அடையாளங்கள். ஆயினும் அறிஞர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. நெடுநாள் தேங்கியதால், அடிமண் கரைந்ததால், தானே முளைத்த பாசியால் நிறம் மாறிய நீர் தூய்மை செய்யும் தன்மையை இழப்பதில்லை என்று பிரித்துக் கூறினர். மாற்றம் ஒன்றே குற்றமன்று. மாற்றியது எது என்று கேள் என்பது அதன் கருத்து. ஏரிநீர் ஆய்வாளர்க்கு இதனினும் சிறந்த முதற்பாடம் இல்லை. புதுமழையில் செம்மண் கலந்து சிவந்த ஏரியும் சாக்கடையால் பச்சையான ஏரியும் தட்டுக்கு ஒரே அளவைக் காட்டக்கூடும்; இரண்டின் கதையும் வேறு.

வழிபாட்டுத் தூய்மைக்கு வகுத்த அளவுகோலைக் குடிநீர்ப் பாதுகாப்புக்கும் போதுமானதாகக் கொள்ளுதல் கூடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். கண்ணாடிபோல் தெளிந்த நீரில் நைட்ரேட் இருக்கலாம். கழிச்சல் நோய்க் கிருமி இருக்கலாம். இவற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சுவையால் அறியத்தக்கது உப்பு. அவ்வகையில் பாலாற்றுப் படுகை மக்களின் நாக்கு, ஆய்வகங்களுக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைக் குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பாழ்பட்டதாக ஆய்வு ஒன்று கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அத்தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்டிருப்பதும், பல கல்விக்கூடங்களும் பள்ளிவாசல்களும் அதன் வருவாயால் எழுந்தமையும் எவரும் அறிந்ததே. அக்கொடையை நன்றியோடு நினைக்கும் நாம், அப்பகுதிக் கிணறுகள் உவர்த்ததைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. பொதுத் தூய்மை நிலையங்கள் அமைத்தும், நீரைத் திரும்பப் பயன்படுத்தியும் பின்னாளில் செலவேற்ற தொழில்முனைவோர் இருக்கின்றனர். அவர்தம் முயற்சி பயன் தருகிறதா என்று காட்டுவதற்கும் அளவைகளே வேண்டும்.

வெள்ளைத் தட்டு

ஏரிநீரின் தெளிவை அளக்கும் கருவியைக் கண்டவர் ஒரு வானியல் அறிஞர். உரோமாபுரியின் ஏசு சபைத் துறவியான ஆஞ்சலோ செக்கி, 1865-இல் போப்பாண்டவரின் கப்பலில் சென்று, வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் அவை மறைகின்றன என்று குறித்தார். ஏரிகளுக்கு இன்று வழங்குவது 20 செ.மீ. விட்டமுடைய தட்டு, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கூறிட்டது. நம் ஊர்த் தச்சரோ இரும்புப் பட்டறையினரோ அரைநாளில் செய்துவிடலாம். நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் தட்டை இறக்கவேண்டும். மறையும் ஆழத்தைக் குறித்து, இன்னும் சற்று இறக்கி, மேலே இழுக்கையில் மீண்டும் தோன்றும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியைக் கொள்ளவேண்டும். மறையுமுன் தட்டு தரையைத் தொட்டுவிட்டால் ‘தரை தெரிந்தது’ என்று எழுதவேண்டுமே ஒழிய, அவ்வாழத்தைத் தெளிவின் அளவாக எழுதலாகாது. நம் ஆழமற்ற ஏரிகளில் இது அடிக்கடி நேரும்.

இவ்வெளிய கருவியே தன்னார்வ அளவைக்கு வழி திறந்தது. அமெரிக்காவின் மெயின், மின்னசோட்டா மாநிலங்களில் 1970-களின் தொடக்கம் முதல் ஏரிக்கரை மக்கள் இவ்வளவையை எடுத்து வருகின்றனர். ஒஹையோவின் கெண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராபர்ட் கார்ல்சன், தட்டு மறையும் ஆழத்தைக் கொண்டே ஏரியின் உரச்செறிவை மதிப்பிடும் ஒரு குறியீட்டை 1977-இல் வெளியிட்டார். 1994-இல் பல மாநிலத்துத் தன்னார்வலரும் ஒரே பருவத்தில் தட்டிறக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்த நம் மக்களுக்கு, கலித்தொகைப் புலவர்க்கே உவமையாய் அமைந்த அத்தெளிவை அளந்து எழுதும் பழக்கம் மட்டும் ஏனோ வரவில்லை.

தட்டு காட்டாதவற்றுக்கு வேறு சோதனைகள் உண்டு. நீரில் கரைந்த உயிர்வளியை 1888-இல் விங்க்ளர் கண்ட முறையால் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே அளக்கலாம். மாங்கனீசு உப்பும் காரங்கலந்த அயோடைடும் இட்டவுடன் பழுப்பு வீழ்படிவு உண்டாயின் உயிர்வளி உண்டு. வெண்மையாகவே நிற்பின் அந்நீர் மூச்சிழந்தது. மையக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, குளிப்பதற்குரிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், மீன் வாழும் நீரில் 4-க்குக் குறையாமலும் உயிர்வளி இருத்தல் வேண்டும். உப்பின் அளவை மின்கடத்துதிறன் கருவி ஒரு நொடியில் காட்டிவிடும். மலக்கலப்பை அறிய, குவாலியரிலுள்ள பாதுகாப்புத்துறை ஆய்வகத்தார் 1982-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. மருந்தூட்டிய தாள் வைத்த சீசாவில் நீரை நிரப்பி வெப்பமான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். எத்தனை கிருமி என்று அது சொல்லாது. உண்டா என்று மட்டும் சொல்லும். சிற்றூர்க் கிணற்றுக்கு அதுவே பெரிது.

தன்னார்வலரின் அளவை அரசு ஆய்வகத்தின் அளவைக்கு ஈடாகாது என்பர். நுட்பத்தில் அது மெய், நேரத்தில் மெய்யன்று. பாசி மிகுந்த ஏரி பகலில் வெயிலைப் பெற்று உயிர்வளியை வெளிவிடும். இரவில் பாசியும் நுண்ணுயிர்களும் அதனை உண்ணும். ஆகவே அலுவலக நேரத்தில், முற்பகல் 11 மணிக்கோ பிற்பகல் 3 மணிக்கோ எடுக்கும் நீர் நலமுற்றது போலத் தோன்றும். அதே ஏரி விடியற்காலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். மீன்கள் மடிவது அந்நேரத்தில்தான். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏரிக்கரை வழியே வீடு திரும்பும் பெரியவர் ஒருவர் காணக்கூடியதை, மாதம் ஒருமுறை ஊர்தியில் வந்து செல்லும் அலுவலர் காணவியலாது.

ஏரி வாரியமும் குறிப்பேடும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழ் மாணாக்கர் குடவோலைக்காகவே படிக்கின்றனர். முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய அவற்றுள் ஏரி வாரியம் தனியே குறிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் அதற்கு ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர் என்ற விதியே நமக்கு அவற்றுள் மிகவும் பிடித்தது. ஏரியைக் காத்தல் என்பது அங்கே கணக்கெழுதுதலாக இருந்தது.

தன்னார்வ அளவைகள் பெரும்பாலும் தோற்பதும் கணக்கில்தான். முதல் மாதத்தில் இருபது மாணவர் வருவர்; நிழற்படம் எடுத்துக்கொள்வர்; ஆறாம் மாதத்தில் இருவர் எஞ்சுவர். அவ்விருவருக்காகவே திட்டத்தை வகுக்கவேண்டும். இருவரால் முடியாத எதனையும் தொடங்கலாகாது. தேர்வு, விடுமுறை, நோன்பு மாதம் ஆகியவற்றிலும் அளவை விட்டுப்போகாதிருக்கக் கரையூரைச் சார்ந்த ஒருவர் குழுவில் இருத்தல் நலம். மதகு திறப்பும் மழையும் மீன்பிடியும் அவர்க்கே தெரியும். ஏரியில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்: நீர் வந்து சேரும் கால்வாய் வாய், மதகின் அருகு, கலங்கலின் அருகு. வரத்துக் கால்வாயில் கெட்டுக் கலங்கலில் நன்றாயிருப்பின் ஏரி இன்னும் போராடுகிறது எனலாம். இரண்டிலும் கெட்டிருப்பின் அதன் வலிமை குன்றிவிட்டது எனலாம்.

குறிப்பேட்டில் நாள், நேரம், முன்னிரு நாள் மழை, நீர்மட்டம், தட்டின் ஆழம், நிறம், மணம், எடுத்தவர் பெயர் ஆகியன இருத்தல் வேண்டும். சுவை பார்த்தல் வேண்டா. அப்பணியைக் கருவிக்கு விட்டுவிடுவோம். அடித்தெழுதிய எண்ணை அழிக்காமல் கோடிட்டுத் திருத்தவேண்டும். ஐயத்திற்குரிய அளவையைக் குப்பையில் எறியாமல் ஐயம் என்றே எழுதவேண்டும். ஓராண்டு முடிந்ததும் ஒரு படியை ஊராட்சிக்கும், ஒரு படியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும், ஒரு படியை ஜமாஅத்திற்கும் கொடுத்துக் கையொப்பம் பெறுதல் நன்று. அதிகாரிகளின் அளவை வேறாயிருப்பின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதனைக் கேட்டுப் பெற்றுப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சேறு படிந்த தை மாதம் முதல் அளவைக்கு ஏற்றது. அப்பொழுது ஏரி தன் நல்ல நிலையைக் காட்டும். மாசி, பங்குனி, சித்திரை என நீர் சுருங்கச் சுருங்க அழுக்கு செறியும். தட்டு மேலே மேலே மறையும். ஆடியில் ஏரி வற்றிவிட்டால் ‘நீர் இல்லை’ என்று அன்றைய தேதியிட்டு எழுதவேண்டும். அதுவும் ஓர் அளவையே.